மோட்டார் அன்றே தயார். பேட்டரிதான் நூறு வருடம் பிந்தியது

கேள்வி இதுதான்: "1900-லேயே மின்சார கார் ஓடியதாகச் சொல்கிறார்களே, உண்மையா? அப்படியென்றால் நடுவில் ஏன் காணாமல் போனது? இப்போது திரும்பி வர டெக்னாலஜியில் அப்படி என்னதான் மாறியது? நம் ஊர் வெயிலுக்கு இந்த பேட்டரி தாங்குமா, இல்லை இன்னும் நாலு வருஷம் பொறுத்து வாங்கலாமா?"

மோட்டாரில் பெரிய குறை எப்போதுமே இருந்ததில்லை. குறை இருந்தது இரண்டு இடத்தில்: மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பேட்டரியில், அதை மோட்டாருக்கு அளந்து கொடுக்கும் ஸ்விட்சில். இந்த இரண்டையும் தீர்த்து வைத்தது கார் கம்பெனிகள் இல்லை. ஒன்று வீடியோ கேமராவுக்காகச் செய்தது, மற்றது ஏ.சி. மெஷின் மோட்டாருக்காகச் செய்தது. கார்க்காரர்கள் கடைசியில்தான் வந்து சேர்ந்தார்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: உண்மைதான். உலகிலேயே முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய கார் மின்சார கார். 1899 ஏப்ரலில், பாரிஸ் பக்கத்தில் அஷேர் என்ற இடத்தில், பெல்ஜியத்துக்காரர் காமீய் ஜெனாட்சி டார்பிடோ வடிவத்தில் செய்த வண்டி மணிக்கு 105 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனது. மறு வருடம், 1900-இல், அமெரிக்காவில் தயாரான கார்கள் மொத்தம் 4,192. அதில் நீராவி 1,681, மின்சாரம் 1,575, பெட்ரோல் வெறும் 936. அன்றைக்கு பெட்ரோல் கார்தான் கடைசி இடம்! மின்சார வண்டியில் சத்தமில்லை, புகையில்லை, கியர் இல்லை, கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணும் அவஸ்தை இல்லை. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்சார கார்தான் ஓட்டினார் என்பது தனிக் கதை.

அப்புறம் ஏன் தோற்றது? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. இன்ஜின் அதில் முக்கால்வாசியைச் சூடாக வீணடித்துவிடும், சக்கரத்துக்கு வந்து சேருவது 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஈய-அமில பேட்டரி, அதாவது இன்றும் நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் அதே வகை, ஒரு கிலோவுக்கு 30 வாட்-மணி கொடுத்தால் பெரிது. நூறு மடங்கு இடைவெளி. எடிசன் பல வருடம் உழைத்து நிக்கல்-இரும்பு பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்தார். உழைப்பில் அசகாய சூரன், ஆனால் விலை அதிகம், குளிர் வந்தால் சோர்ந்துவிடும். இதற்கிடையில் 1901-இல் டெக்சாஸில் ஸ்பிண்டில்டாப் எண்ணெய்க் கிணறு பொங்கியது, 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது, 1912-இல் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் ஏறியது. பெட்ரோல் காரின் கைப்பிடிச் சுழற்றலை ஒழித்தது ஒரு மின்சார மோட்டார்தான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கிராமப்புறங்களுக்கோ அப்போது கரண்டே போகவில்லை. 1930-கள் முடியும்போது மின்சார கார் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

நடுவில் 1971-இல் அப்போலோ 15 நிலாவுக்குக் கொண்டுபோன ரோவர் மின்சார வண்டிதான். சக்கரத்துக்கு ஒன்றாகக் கால் குதிரைத்திறன் மோட்டார்கள் நான்கு. பேட்டரி வெள்ளி-துத்தநாக வகை, ரீசார்ஜ் கிடையாது. காசைப் பார்க்காத இடத்தில் அது சரி. தெருவில் ஓட்ட முடியாது.

இனி ஸ்விட்சுக்கு வருவோம். பேட்டரி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பேட்டரியிலிருந்து வருவது டி.சி., ஒரே திசையில் ஓடும் மின்சாரம். மலிவாகவும் உறுதியாகவும் இருக்கும் மோட்டாரோ ஏ.சி.யில், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில், ஓடும் இண்டக்‌ஷன் மோட்டார். நிக்கோலா டெஸ்லா 1888-இல் காப்புரிமை வாங்கியது, நம் வயல் பம்ப்செட்டில் ஓடுவது, கார்பன் பிரஷ் இல்லாதது. ஆனால் அதன் வேகம் கரண்டின் அதிர்வெண்ணை (நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதை) பிடித்துக்கொண்டு நிற்கும். 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் ஒரே வேகம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் கூட வேண்டுமானால் அந்த அதிர்வெண்ணையே கூட்டிக் குறைக்க வேண்டும். அதற்கு டி.சி.யை ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி ஏ.சி.யாக்க வேண்டும், அதுவும் நூற்றுக்கணக்கான ஆம்பியரில். அப்படி வெட்டும் ஸ்விட்சாகப் பயன்பட்ட பழைய பவர் டிரான்சிஸ்டருக்குச் சுமை தாங்கும் சக்தி உண்டு, ஆனால் அதை ஓட்டவே நிறைய கரண்ட் ஊட்ட வேண்டும். மாஸ்ஃபெட் என்ற இன்னொரு வகை டிரான்சிஸ்டரை ஓட்டுவது சுலபம், ஆனால் வோல்டேஜ் ஏறினால் உள்ளே இழப்பு அதிகம்.

1980 வாக்கில் ஜெனரல் எலக்ட்ரிக் (ஜி.இ.) ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜெயந்த் பாலிகா இந்த இரண்டின் நல்ல குணங்களையும் ஒரே சில்லில் கொண்டுவந்தார். அதுதான் ஐ.ஜி.பி.டி. என்ற ஸ்விட்ச். ஆர்.சி.ஏ., தோஷிபா நிறுவனங்களிலும் இதே காலத்தில் இதே திசையில் வேலை நடந்தது. ஆனால் இதை ஒரு பொருளாக நிலைநிறுத்தியதில் பாலிகாவின் பங்கு பெரியது. அவர் பிறந்தது சென்னை, பி.டெக். படித்தது சென்னை ஐ.ஐ.டி.யில். 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் டெக்னாலஜி பரிசு அவருக்குக் கிடைத்தது. அன்றைக்கு ஜி.இ.க்கு வேண்டியிருந்தது அறையைக் குளிர்விக்கும் ஏ.சி. மெஷின், ஹீட் பம்ப் மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வழி. உங்கள் சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பைப் பிரித்தால், அலுமினிய ஹீட்சிங்க்கில் திருகப்பட்டு மூன்று காலோடு கறுப்பாக ஒன்று இருக்கும். அதே சாதிதான். 2017-க்குப் பிறகு டெஸ்லா மாடல் 3 தொடங்கி சிலிக்கன் கார்பைடு ஸ்விட்சுகள் வந்துவிட்டன. இழப்பு இன்னும் குறைவு, அதே பேட்டரியில் சில சதவீதம் கூடுதல் ஓட்டம்.

ஸ்விட்ச் வந்தும் பேட்டரி வராவிட்டால் என்ன ஆகும்? அதற்கு நேரடிச் சாட்சி 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விட்ட ஈ.வி.1. காற்றை வெட்டும் உடல், டி.சி.யை ஏ.சி.யாக்கும் நவீன இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் மோட்டார் என்று எல்லாம் இருந்தது. ஆனால் உள்ளே 500 கிலோவுக்கு மேல் ஈய பேட்டரி. அத்தனை கனத்தில் சேர்ந்தது 16.5 யூனிட், ஈ.பி. பில்லில் வரும் அதே யூனிட், அதாவது 1,000 வாட்-மணி. 1999-இல் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடுக்கு மாறிக் கொஞ்சம் தேறியது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வண்டிகளோடு நிறுத்தி, குத்தகைக்கு விட்டவற்றைத் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். எண்ணெய்க் கம்பெனிகளின் சதி என்று இன்றும் பேசுவார்கள். என்னைக் கேட்டால், அந்த பேட்டரியை வைத்துக்கொண்டு சதி செய்யத் தேவையே இல்லை.

லித்தியம் வேறு பாதையில் வந்துகொண்டிருந்தது. 1970-களில் எக்ஸான் கம்பெனியில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் முதல் படி போட்டார். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடு என்ற நேர்முனைப் பொருளைக் கண்டது. 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ கார்பன் எதிர்முனையைச் சேர்த்துப் பாதுகாப்பான செல்லாக்கினார். 1991-இல் சோனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது, தன் வீடியோ கேமராவுக்காக. 2019-இல் மூவருக்கும் நோபல் பரிசு. கார் யாருடைய மனதிலும் முதலில் இல்லை. லேப்டாப்புக்கு என்று கோடிக்கணக்கில் செய்து விலை இறங்கிய பிறகுதான், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அந்தச் சின்ன செல்லை ஆயிரக்கணக்கில் அடுக்கினால் கார் ஓடுமே என்று கலிஃபோர்னியாவில் சிலருக்குத் தோன்றியது. 2008-இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டரில் 6,831 செல். பேக்கின் எடை ஏறக்குறைய 450 கிலோ, உள்ளே 53 யூனிட். ஈ.வி.1-ஐவிடக் குறைந்த எடையில் மூன்று பங்குக்கு மேல் மின்சாரம். பன்னிரண்டு வருடத்தில் மாறியது இதுதான், மற்றதெல்லாம் இதன் பின்னால் வந்தவை. முதலில் போட்ட கணக்கில் நூறு மடங்கு இருந்த இடைவெளி இன்றைய செல்களில் பத்து இருபது மடங்காகச் சுருங்கிவிட்டது. இன்ஜின், கியர்பாக்ஸ், டாங்க், சைலன்சர் எல்லாம் கழிந்துபோவதால் மீதி எடையைச் சமாளித்துவிடலாம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. இரும்பின் கதை.

கோபால்ட் விலை உயர்ந்தது, பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருவது. இரும்பு எங்கும் கிடைக்கும். ஆனால் இரும்பு ஆக்ஸைடை நேர்முனையாக வைத்தால் வோல்டேஜ் வராது. 1980-களின் கடைசியில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்த குட்இனஃபும் அவருடன் பணியாற்றிய ஆறுமுகம் மந்திரமும் ஒன்றைக் காட்டினார்கள்: வெறும் ஆக்ஸிஜனுக்குப் பதில் சல்ஃபேட் போன்ற கூட்டு அயனியை வைத்தால் அதே இரும்பு கூடுதல் வோல்டேஜ் கொடுக்கிறது. மந்திரம் தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர், மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர். நோபல் வாங்கியபோது குட்இனஃபுக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியது மந்திரம்தான். அந்தப் பாதையில் போய் 1997-இல் குட்இனஃபும் அக்ஷய பாதியும் வெளியிட்டது லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட், சுருக்கமாக எல்.எஃப்.பி. ஷோரூமில் இன்று நீங்கள் கேட்கும் அதே பெயர்.

முதலில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அது மின்சாரத்தையே சரியாகக் கடத்தாது. துகளை மிகவும் நுண்ணியதாக்கி, மேலே கார்பன் பூசி, அந்தக் குறையைப் பிறகு தீர்த்தார்கள். அப்படியும் ஒரு கிலோவுக்கு அடங்கும் மின்சாரம் நிக்கல் கலந்த லித்தியம் செல்லைவிடக் குறைவு. ஒருமுறை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் என்ற போட்டியில் இருந்த மேற்கத்திய கம்பெனிகள் நிக்கல் பக்கம் போயின. சீனா இதைப் பிடித்துக்கொண்டது. ஷென்ஜெனில் 1995-இல் பேட்டரிக் கம்பெனியாகத் தொடங்கிய பி.ஒய்.டி., 2020-இல் பிளேடு பேட்டரியை வெளியிட்டது. வழக்கமாக செல்லை மாட்யூல் பெட்டிக்குள் வைத்து, மாட்யூல்களைப் பேக்குக்குள் வைப்பார்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்தே இடம் போய்விடும். இவர்கள் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பட்டை பட்டையாகச் செல்லைச் செய்து நேரே பேக்கில் அடுக்கினார்கள். சீனாவின் இன்னொரு பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல்.லும் இதே வழியில் இறங்கியிருந்தது. வேதியியலில் இழந்ததை அடுக்கும் முறையில் மீட்டுக்கொண்டார்கள். இன்று உலகின் மின்சார கார் பேட்டரிகளில் ஏறக்குறைய பாதி எல்.எஃப்.பி. விலையும் சேர்ந்து விழுந்தது: 2010-இல் பேக் விலை யூனிட்டுக்கு 1,000 டாலருக்கு மேல், புளூம்பெர்க் கணக்கெடுப்பின்படி 2024-இல் 115 டாலர்.

இப்போது வெயில். இதற்கு ஒரு ஸ்கூட்டர் பேக்கைப் பிரித்துப் பார்த்தால் சரியாகப் புரியும். சாதாரண நிக்கல் வகை பேக் ஒன்றில் 14 வரிசை செல் தொடராக இருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், மொத்தம் 50 வோல்ட் சொச்சம். ஒவ்வொரு வரிசையிலும் சில செல்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டிங் செய்திருப்பார்கள். ஓரத்தில் பி.எம்.எஸ். போர்டு, பேட்டரியைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் சர்க்யூட். அதிலிருந்து ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மெல்லிய வயர், வோல்டேஜ் பார்க்க. செல்களுக்கு இடையில் மிளகு அளவு வெப்ப உணரிகள். 14-இல் ஒரு வரிசை சோர்ந்தால் போதும், மற்ற 13-இல் சார்ஜ் இருந்தாலும் பி.எம்.எஸ். வண்டியை நிறுத்திவிடும். தொடரில் பலவீனமானது எதுவோ அதுதான் மொத்த பேக்கின் அளவு. பழைய வண்டியில் மீட்டர் 20 சதவீதம் காட்டிவிட்டுத் திடீரென்று படுத்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

எந்த வரிசை முதலில் சோரும்? நடுவில் மாட்டிக்கொண்டு சூடு போக வழியில்லாதது. செல்லுக்குள் நடக்கும் பக்க விளைவுகள், தோராயமாக 10 டிகிரி ஏறினால் இரட்டிப்பு வேகம் பிடிக்கும். 2010 கடைசியில் வந்த நிசான் லீஃபில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. ஜப்பானில் பிரச்சினை தெரியவில்லை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில், இரண்டு கோடைக்குள் பேட்டரி கொள்ளளவு குறைகிறது என்று 2012-இல் புகார்கள் குவிந்தன. பிறகு வெப்பம் தாங்கும் வகையாக வேதியியலை மாற்றினார்கள். அந்த வருடங்களிலேயே டெஸ்லா போன்றவர்கள் செல்களுக்கு இடையில் குளிர்திரவக் குழாய் ஓட்டியிருந்தார்கள். இன்று ஓரளவு விலையுள்ள பெரும்பாலான கார்களில் இது உண்டு. நம் ஊர் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் அலுமினியப் பெட்டி வழியாகவே சூட்டை வெளியே விடுகின்றன.

2022 கோடையில் இந்தியாவில் அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதியை இறுக்கினார்கள். பேக்குக்குள் தண்ணீர் புகக்கூடாது, ஒரு செல் கொதித்தால் தீ மற்றவற்றுக்குப் பரவுவதைப் பற்றிய சோதனை, பி.எம்.எஸ்.ஸுக்குக் கூடுதல் கட்டுப்பாடுகள் எல்லாம் அதில் வந்தன. ஆகவே பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால் 2023-க்கு முந்தியதா பிந்தியதா என்று பாருங்கள்.

எல்.எஃப்.பி. இங்கே ஒரு படி மேல். அதில் ஆக்ஸிஜனை ஃபாஸ்ஃபரஸ் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால், சூடேறினாலும் எளிதில் விடாது. தீக்கு உள்ளேயிருந்தே காற்று கிடைப்பதில்லை. தீயே பிடிக்காது என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள், பிடிப்பது கடினம் என்பதே சரி. ஒரு தொந்தரவும் உண்டு: சார்ஜ் 80-இல் இருந்தாலும் 30-இல் இருந்தாலும் அதன் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றே. அதனால் மீட்டர் கணக்குத் தவறும். அதைச் சரிசெய்யத்தான் வாரம் ஒருமுறை முழுதாக 100 வரை போடச் சொல்வார்கள். நிக்கல் வகைக்கு நேர்மாறு: முழுச் சார்ஜோடு வெயிலில் நிறுத்துவதுதான் அதற்கு ஆகாதது. தினசரி 80 போதும். இரண்டு வகைக்கும் ஒரே அறிவுரை சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். மேடான ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று: நூறு சதவீதத்தோடு இறக்கத்தில் இறங்கினால் பிரேக் மூலம் மின்சாரம் திரும்ப ஏறும் வசதி சரியாக வேலை செய்யாது, உள்ளே இடம் இருக்காது.

வேகச் சார்ஜிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வோல்டேஜை இரட்டித்தால் அதே சக்திக்குக் கரண்ட் பாதி, கம்பியில் சூடு கால்வாசி. அதனால்தான் 2019-இல் போர்ஷே டைக்கான் 800 வோல்ட்டுக்குப் போனது, 2025-இல் பி.ஒய்.டி. 1,000 வோல்ட் வரை போய்விட்டது. ஸ்கூட்டருக்கு இது எதுவும் வேண்டாம். 3 யூனிட் பேட்டரியை 750 வாட் சார்ஜரில் சாதாரண பிளக்கில் போட்டால் நாலு மணி நேரத்துச் சொச்சத்தில் நிரம்பிவிடும்.

நாம் எங்கே நிற்கிறோம்? 2001-இல் பெங்களூரில் ஈய பேட்டரியோடு வந்த ரேவா லண்டன் வரை போனது. சென்னை ஐ.ஐ.டி. முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ஏத்தரும், டி.வி.எஸ்.ஸும் ஓசூரில், ஓலாவும் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில். மோட்டார், கன்ட்ரோலர், பி.எம்.எஸ்., சாஃப்ட்வேர் எல்லாம் இங்கேயே தேறிவிட்டோம். இந்தியாவில் விற்கும் மூன்று சக்கர வண்டிகளில், இ-ரிக்‌ஷாவையும் சேர்த்தால், பாதிக்கு மேல் மின்சாரம். ஆனால் செல்லின் பெரும்பகுதி இன்னும் இறக்குமதி. இன்றைய மோட்டார்கள் பலவற்றுக்கு வேண்டிய அபூர்வ மண் (ரேர் எர்த்) காந்தமும் அப்படியே. 2025 ஏப்ரலில் சீனா அதற்குக் கட்டுப்பாடு போட்டதும் இங்கே உற்பத்தி தள்ளாடியது. காந்தமே வேண்டாத இண்டக்‌ஷன், ரிலக்டன்ஸ் மோட்டார்களுக்கு இப்போது மறுபடி மவுசு.

நாலு வருஷம் பொறுக்கலாமா? திடநிலை பேட்டரிக்காக (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைப்பது) என்றால் வேண்டாம். அடுத்த சில வருடத்தில் வரும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வந்தாலும் முதலில் விலை உயர்ந்த காரில்தான் வரும். சோடியம் பேட்டரி வேறு விஷயம். 2021-இல் சி.ஏ.டி.எல். அறிவித்தது, லித்தியமே வேண்டாம், எடை கூடுதல், மலிவாக வாய்ப்பு உண்டு. ஸ்கூட்டருக்கும் வீட்டுச் சேமிப்புக்கும் அது பொருந்தும். ஆனால் அன்றாட ஓட்டம் 40 கிலோமீட்டர், வீட்டில் பிளக் உண்டு என்றால் இன்றைய வண்டியே போதும். ஷோரூமில் ஓட்டத் தூரத்தைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: செல் எந்த வகை? வாரண்டியில் எத்தனை சதவீதக் கொள்ளளவுக்கு உத்தரவாதம்? பேக்கில் ஒரு வரிசை போனால் அதை மட்டும் மாற்றித் தருவார்களா, இல்லை மொத்த பேக்கையும் வாங்கச் சொல்வார்களா? மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.